ஆறொன்பது நாற்பத்திரண்டு

எச்.பி. என்றதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது பிரின்டர். அடுத்தபடியாக லேப்டாப். ஆனால் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஒரு சின்னக் கூட்டத்துக்கு எச்.பி. என்றால் கால்குலேட்டர்தான், வேறொன்றும் இல்லை. 1972-இல் வந்த எச்.பி.-35, விண்வெளி ஓடத்தில் பறந்த 41சி, 1988-இல் வந்து 1995-இல் நிறுத்தப்பட்ட 42எஸ் என்று பழைய மாடல்களைத் தேடிப் பிடிப்பார்கள். பிரித்துத் துடைப்பார்கள். ஒரு விசை அழுந்தும்போது வரும் 'டிக்' சத்தத்தின் தரம் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள்.

இவர்களிடம் ஒருவர் வழிதவறி வந்து, "என் எச்.பி. பிரின்டர் வைஃபையில் சேரவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்டால் என்ன ஆகும்? விரட்டிவிட மாட்டார்கள். முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு பதில் சொல்வார்கள். "என்டரை இரண்டு தடவை அழுத்திப் பாருங்கள்" என்பார் ஒருவர். "முதலில் டிகிரியில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று பாருங்கள்" என்பார் இன்னொருவர். கடைசியாக ஒருவர், "விடை 42. கேள்வியைத்தான் சரியாகக் கேட்கவில்லை" என்று முடித்துவைப்பார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கூட்டத்துக்குப் பிரின்டரைப் பற்றியும் உண்மையிலேயே கொஞ்சம் தெரியும். எச்.பி.-42எஸ் கால்குலேட்டரின் தலைப்பகுதியில் ஒரு அகச்சிவப்பு விளக்கு உண்டு. கம்பி இல்லாமலே சிறு பிரின்டர் ஒன்றுக்கு அது எண்களை அனுப்பும். ஆனால் பேச்சு ஒருவழிதான். பிரின்டர் எதிரே இருக்கிறதா, ஆன் ஆகியிருக்கிறதா, தாள் தீர்ந்துவிட்டதா என்பதெல்லாம் கால்குலேட்டருக்குத் தெரியவே தெரியாது. ஒரு வரியை அனுப்பும், அது அச்சாகியிருக்கும் என்று நம்பிக் கொஞ்ச நேரம் காத்திருக்கும், அடுத்த வரியை அனுப்பும். வைஃபை பிரின்டரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த அப்பாவித்தனம் பொறாமையைக் கூடத் தரலாம்.

அந்த 42 விஷயத்துக்கு வருவோம். 1978 மார்ச் 8 அன்று பி.பி.சி. ரேடியோ 4-இல் டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய ஒரு நகைச்சுவைத் தொடர் ஆரம்பமானது. பெயர் 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி'. அடுத்த ஆண்டே நாவலாகவும் வந்தது. அதில் மிகப் புத்திசாலியான ஒரு இனம், வாழ்க்கை, பிரபஞ்சம், மற்ற எல்லாம் பற்றிய இறுதிக் கேள்விக்கு விடை காண, சின்ன நகரம் அளவுக்கு ஒரு கம்ப்யூட்டரைக் கட்டுகிறது. 'டீப் தாட்' என்று அதற்குப் பெயர். 75 லட்சம் ஆண்டுகள் யோசித்துவிட்டு அது சொல்லும் விடை, 42. கேட்டவர்கள் தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள். கணக்கைப் பல முறை சரிபார்த்துவிட்டேன், பிழை இல்லை, கேள்வி என்னவென்றுதான் உங்களுக்குத் தெரியவில்லை என்கிறது இயந்திரம். கேள்வியைக் கண்டுபிடிக்க அதைவிடப் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும். அதுதான் பூமி. ஒரு கோடி ஆண்டுத் திட்டம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, விண்வெளி நெடுஞ்சாலை போடுவதற்காகப் பூமியை இடித்துவிடுகிறார்கள்.

கம்ப்யூட்டர்களைப் பற்றி எழுதப்பட்ட கனமான ஆய்வுகள் பலவற்றைவிட இந்தக் கேலி துல்லியமானது என்பது என் கட்சி. கணக்கிடும் இயந்திரம் நாம் மனதில் நினைத்த கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. விரல் தட்டிய கேள்விக்குத்தான் சொல்லும். இரண்டும் ஒன்று என்று நாமாக நம்பிக்கொள்கிறோம். சார்லஸ் பாபேஜ் 1864-இல் வெளியிட்ட தன்வரலாற்றிலேயே இதே சலிப்பு இருக்கிறது. தப்பான எண்களைப் போட்டால் உங்கள் இயந்திரம் சரியான விடையைத் தருமா என்று பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இரண்டு பேர் வெவ்வேறு சமயங்களில் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். எப்படிப்பட்ட குழப்பம் இருந்தால் இப்படி ஒரு கேள்வி பிறக்கும் என்று அவருக்கு விளங்கவில்லை.

ஏன் 42 என்று ஆடம்ஸிடம் கேட்காத ஆள் இல்லை. ரசிகர்கள் ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். ஆஸ்கி குறியீட்டில் 42 என்பது நட்சத்திரக் குறி, நட்சத்திரக் குறி என்றால் 'எது வேண்டுமானாலும்' என்று பொருள் என்பது அதில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. ஆடம்ஸ் எல்லாவற்றையும் மறுத்தார். சாதாரணமான, சிறிய எண் ஒன்று வேண்டியிருந்தது, 42 போதும் என்று தோன்றியது, எழுதினேன் என்றார். எச்.பி.-42எஸ் கதையும் அப்படித்தான். 41-க்கு எழுதிய நிரல்களை ஓட்டக்கூடிய வாரிசுக்கு 42 என்று எண் வருவது இயல்பு. கால்குலேட்டர் பிரியர்களிடம் இதைச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், நம்ப மாட்டார்கள்.

1980-இல் வந்த இரண்டாம் நாவலில் ஆடம்ஸ் இன்னொரு வெடியைக் கொளுத்திப் போட்டார். பூமிவாசியான ஆர்தர் டென்ட், எழுத்துக் கட்டைகளைப் பையிலிருந்து குருட்டாம்போக்கில் எடுத்து அடுக்கும்போது 'இறுதிக் கேள்வி' உருவாகிறது. ஆறையும் ஒன்பதையும் பெருக்கினால் என்ன வரும் என்பதுதான் அது. வாய்ப்பாடு தெரிந்த குழந்தைகூட ஆறொன்பது ஐம்பத்துநான்கு என்று சொல்லும். நாவலில் அது 42.

விடுவார்களா நம் ஆட்கள்? 13-ஐ அடிமானமாகக் கொண்ட எண் முறையில் '42' என்று எழுதினால் நான்கு பதின்மூன்றும் இரண்டும், அதாவது 54. ஆகவே ஆறொன்பது நாற்பத்திரண்டு சரிதான் என்று நிரூபித்துவிட்டார்கள். 13-ஐ அடிமானமாக வைத்து யாராவது ஜோக் எழுதுவார்களா என்று ஆடம்ஸ் அலுத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் நிரலாளர்களுக்காகவே எச்.பி. 1982-இல் செய்த 16சி கால்குலேட்டரில்கூட 2, 8, 10, 16 என்ற நான்கு அடிமானங்கள்தான் உண்டு. 13 இல்லை.

எனக்குப் பிடித்தது வேறொரு விளக்கம். சி மொழியில் நிரல் எழுதுபவர்கள் நடுவே நெடுநாளாகச் சுற்றுவது. ஆறு என்ற பெயருக்கு '1+5' என்றும், ஒன்பது என்ற பெயருக்கு '8+1' என்றும் அடைப்புக்குறி போடாமல் வரையறுத்துவிட்டு, இரண்டையும் பெருக்கச் சொல்ல வேண்டும். பெயர் இருக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் அந்த எழுத்துகளை அப்படியே ஒட்டிவிடும். கிடைப்பது 1+5×8+1. பெருக்கல்தான் முதலில் என்ற விதிப்படி ஐயெட்டு நாற்பது, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஆக, 42! கம்ப்யூட்டர் ஒரு தப்பும் செய்யவில்லை. நாம் ஆறையும் ஒன்பதையும் நினைத்தோம், அதன் கையில் கிடைத்தது வேறு.

இதே 1+5×8+1-ஐ மளிகைக் கடைக்காரர் வைத்திருக்கும் கால்குலேட்டரில் தட்டினால் 42 வராது. அது கேட்கக் கேட்கச் செய்து முடிக்கும் ரகம். ஒன்றும் ஐந்தும் ஆறு, பெருக்கல் எட்டு நாற்பத்தெட்டு, கூட்டு ஒன்று, 49 என்று காட்டும். செல்போன் கால்குலேட்டர் விதி பார்த்து 42 என்று சொல்லும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் கால்குலேட்டர் இன்னும் சுவாரசியம். 'ஸ்டாண்டர்டு' அமைப்பில் 49, 'சயின்டிஃபிக்' அமைப்பில் 42. ஒரே நிரல், ஒரே விசைகள், இரண்டு விடைகள். 6÷2(1+2) என்ற கணக்கை வைத்து 1 என்றும் 9 என்றும் அவ்வப்போது சண்டை மூள்வதும் இதனால்தான். எழுதிய முறையிலேயே தெளிவு இல்லை. ஒவ்வொரு கால்குலேட்டரும் தன் கம்பெனி விதிப்படி நமக்காக ஊகம் செய்கிறது.

ஊகத்துக்கே இடமில்லாத ஒரு முறை உண்டு. எச்.பி. பிரியர்கள் உயிரை விடுவது அதற்காகத்தான். ஆர்.பி.என்., அதாவது தலைகீழ்ப் போலிஷ் முறை. எச்.பி.-35-இல் சமக்குறி விசையே கிடையாது. அந்த இடத்தில் பெரிதாக ஒரு என்டர் விசை இருக்கும். எண்களை முதலில் கொடுக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்ல வேண்டும். மேலே பார்த்த ஆறொன்பது கணக்கை அதில் போடுவது இப்படி: 1 என்டர் 5 கூட்டல், 8 என்டர் 1 கூட்டல், பெருக்கல். விடை 54. அடைப்புக்குறி இல்லை, எது முதலில் என்ற விதியும் தேவையில்லை. 42 வரவழைக்க வேண்டுமென்றால் வேண்டுமென்றே அப்படிக் கேட்டால்தான் வரும்.

உள்ளே நடப்பது எளிது. எண்கள் நான்கு அடுக்குகளில், விசேஷ வீட்டில் தட்டுகளை அடுக்குவது போல, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். கூட்டல் விசையை அழுத்தினால் மேலே இருக்கும் இரண்டை எடுத்துக் கூட்டி, விடையை ஒன்றாக மேலே வைத்துவிடும். ஐரோப்பியர்களுக்கு இந்த முறை ஆரம்பத்தில் தலை சுற்ற வைக்கும். நமக்கு அப்படிச் சுற்ற வேண்டியதில்லை. 'ஒன்றையும் ஐந்தையும் கூட்டு, எட்டையும் ஒன்றையும் கூட்டு, இரண்டையும் பெருக்கு' என்று தமிழில் இயல்பாகச் சொல்லும் வரிசையே ஆர்.பி.என். வரிசைதான். செயல் கடைசியில் வருகிற மொழி பேசுபவர்கள் வாயால் எப்போதும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். கருவியைக் கையில் எடுத்ததும் வரிசையை மாற்றிக்கொள்கிறார்கள்.

'போலிஷ்' என்று பெயர் வரக் காரணமானவர் யான் வுகாசியேவிச் என்ற தர்க்கவியலாளர். 1924 வாக்கில் அடைப்புக்குறியே இல்லாமல் தர்க்க வாக்கியங்களை எழுத வழி கண்டார். அவர் செயல்குறியை முன்னால் வைத்தார். பின்னால் வைப்பதன் வசதியைக் கம்ப்யூட்டர் காலத்தில் கண்டு சொன்னவர்களில் ஆஸ்திரேலியாவின் சார்லஸ் ஹாம்ப்ளின் முக்கியமானவர். வுகாசியேவிச் பிறந்தது 1878-இல், லவூவ் நகரில். இன்று உக்ரைனில் லிவீவ் என்று வழங்கும் ஊர். அதே ஊரில் 1921-இல் பிறந்தவர் ஸ்டனிஸ்வாவ் லெம், நகைச்சுவை அறிவியல் புனைகதையின் இன்னொரு மேதை. 1965-இல் வந்த அவருடைய 'சைபீரியாடு' தொகுப்பில் ட்ருர்ல் என்ற இயந்திரப் படைப்பாளி எட்டு மாடி உயரத்துக்கு ஒரு சிந்திக்கும் இயந்திரம் கட்டுகிறான். இரண்டும் இரண்டும் எத்தனை என்று கேட்கிறான். ஏழு என்கிறது. திருகுகளை முடுக்கிப் பார்த்தும் ஏழுதான். கேலி செய்ததும் கோபம் கொண்டு எழுந்து அவனைத் துரத்தவும் ஆரம்பித்துவிடுகிறது. ஆடம்ஸின் இயந்திரம் சரியான விடை சொல்லி மனிதர்களைத் திண்டாட வைத்தது. லெம்மின் இயந்திரம் தப்பான விடை சொல்லி, அதை ஒப்புக்கொள்ளச் சொல்லி மிரட்டுகிறது. கணக்கு இயந்திரங்களைப் பற்றி நமக்கு இருக்கும் பயங்கள் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

நிஜ உலகில் இரண்டும் இரண்டும் ஏழு என்று சொன்ன இயந்திரம் உண்டா? கொஞ்சம் நெருங்கியிருக்கிறது. எச்.பி.-35 வெளிவந்து ஆயிரக்கணக்கில் விற்றுப்போன பிறகு ஒரு பிழை வெளிப்பட்டது. 2.02-க்கு இயல் மடக்கை கண்டு, உடனே அதை அடுக்கேற்றித் திரும்ப வந்தால் 2.02 அல்லவா வர வேண்டும்? 2 என்று காட்டியது. 395 டாலர் கொடுத்து வாங்கிய பொறியாளருக்கு நூறில் ஒரு பங்கு காணாமல் போவது சின்ன விஷயமா? கம்பெனி மறைக்கவில்லை. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, திருப்பித் தந்தால் மாற்றித் தருகிறோம் என்றது. நிறையப் பேர் திருப்பித் தரவே இல்லை. இன்று அந்தப் பிழையோடு இருக்கும் எச்.பி.-35-க்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மவுசு. கையில் கிடைத்ததும் முதல் வேலையாக 2.02-ஐத் தட்டிப் பார்ப்பார்கள். சரியான விடை வந்தால் முகம் வாடிவிடும்.

1994-இல் இன்டெல் மாட்டிக்கொண்டபோது அந்தப் பெருந்தன்மை தாமதமாகத்தான் வந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது பென்டியம் சில்லின் வகுத்தலில் பிழை கண்டார். 41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்தால் 1.333820449 வர வேண்டும். பென்டியம் 1.333739068 என்றது. வகுத்தலுக்காகச் சில்லுக்குள் வைத்திருந்த அட்டவணையின் 1,066 கட்டங்களில் ஐந்து காலியாகக் கிடந்தன. சாதாரண ஆட்களுக்கு இதனால் பாதிப்பில்லை என்று முதலில் வாதாடிய இன்டெல், டிசம்பரில் இறங்கிவந்து கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தந்தது. செலவு 47.5 கோடி டாலர். ஜோக்குகள்தான் இலவசம். 486-க்கு அடுத்த சில்லுக்கு ஏன் 586 என்று பெயர் வைக்காமல் பென்டியம் என்று வைத்தார்கள்? அந்தச் சில்லிலேயே 486-ஓடு 100-ஐக் கூட்டிப் பார்த்தார்களாம், 585.99998 என்று வந்ததாம். உண்மையில் கூட்டலில் ஒரு கோளாறும் இல்லை, வகுத்தலில்தான். ஆனால் நல்ல ஜோக்குக்கு அந்த அளவு பிழை அனுமதிக்கலாம்.

பிழையே இல்லாத கால்குலேட்டரும் நழுவும் இடம் ஒன்று உண்டு. அதைப் பிடிக்கவே பிரியர்கள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். டிகிரியில் வைத்துக்கொண்டு 9-க்கு சைன், வந்ததற்கு காஸ், அதற்கு டேன். பிறகு அதே வழியில் பின்னோக்கி, தலைகீழ் டேன், தலைகீழ் காஸ், தலைகீழ் சைன். போன வழியே திரும்பினால் 9 வந்தாக வேண்டும். எச்.பி.-15சி போன்ற பத்து இலக்கக் கருவிகளில் வருவது 9.000417403. வேறு சில்லு என்றால் வேறு எச்சம். இது கைரேகை மாதிரி ஆகிவிட்டது. இரண்டு கம்பெனிகள் வேறு வேறு பெயரில் விற்கும் கருவிகளுக்குள் இருப்பது ஒரே சில்லு என்பதை இந்தக் கடைசி இலக்கங்களை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

பிழை எங்கே புகுந்தது? காஸில். 9 டிகிரியின் சைன் 0.1564 சொச்சம். அவ்வளவு சின்னக் கோணத்துக்கு காஸ் கிட்டத்தட்ட ஒன்று: 0.9999962727. பத்து இலக்கம் முழுதாகத் தெரிகிறது, ஆனால் முதல் ஐந்தும் ஒன்பதுகள். கோணத்தைப் பற்றிய சேதி மிச்சமிருக்கும் ஐந்து இலக்கங்களில் மட்டும்தான் இருக்கிறது. மற்றது துண்டிக்கப்பட்டுப் போய்விட்டது. திரும்பி வரும்போது கையில் ஐந்து இலக்கச் சேதியை வைத்துக்கொண்டு பத்து இலக்க விடை சொல்கிறது கருவி. 9.000-க்குப் பின்னால் வரும் 417403 வெறும் அலங்காரம். திரையில் எத்தனை இலக்கம் தெரிகிறது என்பதும், அதில் எத்தனை நம்பத் தகுந்தது என்பதும் வேறு வேறு என்று வகுப்பில் இதைவிட நன்றாகக் காட்டிவிட முடியாது.

அந்த சைனை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதும் சொல்லத் தக்கது. உள்ளே பெரிய அட்டவணை ஏதும் இல்லை. ஜாக் வோல்டர் என்ற பொறியாளர் பி-58 குண்டுவீச்சு விமானத்தின் வழிகாட்டும் கருவிக்காக யோசித்து 1959-இல் வெளியிட்ட 'கார்டிக்' என்ற முறையின் வழித்தோன்றல்தான் அது. கேட்ட கோணத்தைச் சில நிலையான கோணங்களால் நிரப்புகிறார்கள். 45 டிகிரி, 5.7106 டிகிரி, 0.5729 டிகிரி, 0.0573 டிகிரி என்று அவை இறங்கும். இவற்றின் டேன் மதிப்புகள் முறையே 1, 0.1, 0.01, 0.001. 50 டிகிரி வேண்டுமா? 45 ஒரு தடவை. மிச்சம் 5, அதில் 5.7106 கொள்ளாது. 0.5729 எட்டுத் தடவை, 0.0573 ஏழு தடவை. இப்படியே போகலாம். டேன் மதிப்பு பத்தின் அடுக்குகளாக இருப்பதால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் புள்ளியை நகர்த்துவதும் கூட்டிக் கழிப்பதும் போதும், பெருக்கலே வேண்டாம். எச்.பி.-35-இன் மூளை முழுவதும் 768 கட்டளைகள். மடக்கை, சைன், வர்க்கமூலம் எல்லாம் அதற்குள் அடக்கம். டீப் தாட்டுக்கு ஒரு நகரமே தேவைப்பட்டது.

கேள்வி மாறிப்போவதற்குத் தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படித்த எவருக்கும் உதாரணம் தேவையில்லை. கேசியோ திரையின் மேல் ஓரத்தில் டிகிரியா ரேடியனா என்று காட்டும் குட்டி எழுத்தைக் கவனிக்காமல் சைன் 30 போட்டு, 0.5-க்குப் பதில் −0.988 வந்ததைப் பார்த்துத் தேர்வு அறையில் வியர்த்தவர்கள் ஏராளம். கிரேடியன் என்ற மூன்றாம் அலகில் இருந்தால் 0.454 வரும். மூன்றும் சரியான விடைகள்தான்.

ஆடம்ஸே ஒரு கால்குலேட்டரையும் படைத்திருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. 1988-இல் வந்த 'தி லாங் டார்க் டீ-டைம் ஆஃப் தி சோல்' நாவலில் துப்பறிவாளர் டர்க் ஜென்ட்லி மலிவாக ஒரு மின்னணு ஐ-சிங் கால்குலேட்டர் வாங்குகிறார். சீன ஆரூடமும் சொல்லும், கணக்கும் போடும். ஆனால் விடை நான்கைத் தாண்டினால் எண்ணுக்குப் பதிலாக, மஞ்சள் நிறம் பரவுவதாகக் கவித்துவமாக ஏதோ காட்டும். அபத்தமாகத் தோன்றலாம். ஆனால் நம் கைக் கருவிகளும் அப்படித்தான், எல்லைதான் கொஞ்சம் தள்ளியிருக்கிறது. 69-இன் தொடர்பெருக்கத்தைத் தட்டிப் பாருங்கள், 1.711224524 பெருக்கல் 10-இன் 98-ஆம் அடுக்கு என்று வரும். 70 என்று தட்டினால் பெரும்பாலான சயின்டிஃபிக் கால்குலேட்டர்கள் 'மேத் எரர்' என்று கையை விரிக்கும். இரண்டு இலக்க அடுக்குக்குமேல் அவற்றுக்கு எண்களே கிடையாது. 'மேத் எரர்' என்பதைவிட மஞ்சள் நிறம் எவ்வளவோ தேவலை.

ஆடம்ஸ் 2001-இல் இறந்துபோனார். அவர் யோசிக்காமல் எழுதிய எண் கணிதத்தில் ஒரு கடைசிக் குறும்பைச் செய்தது. ஒரு முழு எண்ணை மூன்று மும்மடிகளின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா என்பது பழைய கேள்வி. எதிர்ம எண்களும் சேரலாம். 100-க்குள் இருக்கும் எண்களில் 9-ஆல் வகுக்க 4 அல்லது 5 மிஞ்சுபவற்றுக்கு முடியவே முடியாது என்று நிரூபித்தாயிற்று. மற்றவற்றுக்கெல்லாம் ஒவ்வொன்றாக விடை கிடைத்தது. கடைசியில் இரண்டுதான் பிடிபடாமல் நின்றன, 33-உம் 42-உம். 2019-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ புக்கர் 33-ஐ முடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் எம்.ஐ.டி.யின் ஆண்ட்ரூ சதர்லேண்டும் 42-ஐ முடித்தார்கள். உலகெங்கும் வீடுகளில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களின் ஓய்வு நேரத்தைச் சேர்த்து, பத்து லட்சம் மணி நேரத்துக்கு மேல் கணக்கிட்டார்கள். இறுதிக் கேள்விக்காகப் பூமியையே கம்ப்யூட்டராக்கிய கதைக்கு இதைவிட நெருங்கி நிஜம் வந்ததில்லை.

கிடைத்த எண்கள் மூன்று: −80538738812075974, 80435758145817515, 12602123297335631. மூன்றையும் மும்மடியாக்கிக் கூட்டினால் 42.

இதைக் கால்குலேட்டரில் சரிபார்க்க ஆசைப்பட வேண்டாம். மும்மடி ஒவ்வொன்றும் ஐம்பது இலக்கத்தை ஒட்டி வரும். பத்து இலக்கக் கருவி ஒவ்வொன்றிலும் நாற்பது இலக்கத்தை வெட்டி எறிந்துவிட்டுக் கூட்டும். 0 வரலாம், அல்லது நாற்பது இலக்கத்தில் ஏதோ ஒரு பூதம் வரலாம். 42 வராது. எச்.பி.-42எஸ்-இன் வாரிசாகச் சுவிஸ் நிறுவனம் ஒன்று கொண்டுவந்த டிஎம்42 என்ற கருவி 34 இலக்கம் வரை கணக்கிடும். அதற்கும் போதாது.

பென்சிலுக்குப் போதும். ஒவ்வொரு எண்ணின் இலக்கங்களையும் கூட்டுங்கள். முதலாவதில் 85, அடுத்ததில் 77, மூன்றாவதில் 56. ஒன்பதால் வகுத்தால் மிச்சம் 4, 5, 2. இவற்றின் மும்மடி 64, 125, 8. மறுபடி ஒன்பதால் வகுத்தால் மிச்சம் 1, 8, 8. முதல் எண் எதிர்மம் என்பதால் ஒன்றைக் கழிக்க வேண்டும். 8+8−1 என்றால் 15, ஒன்பதை நீக்கினால் 6. 42-ஐ ஒன்பதால் வகுத்தாலும் மிச்சம் 6. இது முழு நிரூபணம் ஆகாது, ஆனால் எழுத்துப் பிழையாக ஓர் இலக்கம் மாறியிருந்தால் அநேகமாகக் காட்டிக்கொடுத்துவிடும். முழுதாகவே பெருக்கிப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காரலாம். 1000-க்குள் இன்னும் பிடிபடாத எண்களில் முதலாவது 114.